எத்தனாவது நாள் என்று நான் கேட்கவில்லை

காலை எட்டே கால் மணி. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மூன்று பைகளோடும் மூன்றரை வயது மகள் இனியாவோடும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றேன். ஒரு பையில் இனியாவுக்கு மாற்று உடையும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் தெர்மாமீட்டரும். அடுத்ததில் ஐஸ் வைத்த டப்பாவுக்குள் நான்கு மாவுப் பாக்கெட்டுகள். மூன்றாவதில் ஒரு கோப்பு. போக வேண்டிய இடம் மறைமலை நகர். சுற்றிப் பார்க்க யாரும் அங்கே போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை.

இட்லி, தோசை மாவு அரைத்து வீடுகளுக்கு அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். எம்.பி.ஏ. முடித்து, குழந்தை பிறந்து, இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த வேலை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முதலாளி நஸீர் பாய். எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள். நான் மட்டும் சார் என்பேன். கூடுவாஞ்சேரியிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் போகிற மாவைத் 'தெற்கு லைன்' என்போம். அதை அரைப்பவர் கோமதி அக்கா. ஆறு வருடமாக அவர்தான்.

சில மாதங்களாகத் தெற்கு லைனில் தினமும் வாங்கியவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். போன வாரம் அவர்களுக்கு நான் போன் செய்தேன். காரணம் கேட்டு, நானே தயாரித்த படிவத்தில் குறித்துக்கொண்டேன். விலையா, டெலிவரி நேரமா, மாவு புளிக்கிறதா, வேறு ஏதாவதா? விலை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் சொன்னது ஒன்றுதான்: மாவு புளிக்கிறது. அதை அழகாக வரைபடம் போட்டு சாரிடம் கொடுத்தேன்.

அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுத்தார். "நேர்ல போய் மூணு வீட்ல கேட்டுட்டு வாம்மா. அங்கயும் இதையே சொன்னாங்கன்னா கோமதிய நிறுத்திடலாம். வேற ஆள் பாத்து வெச்சிருக்கேன். நாலு மணிக்குள்ள வந்துடு, அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடணும்."

காலையில் பாக்கெட் எடுக்கப் போனபோது கோமதி அக்கா கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இன்னாம்மா, புள்ளய இட்டுகினு அம்மாந்தூரம் போற?"

"ப்ளே ஸ்கூல்ல பெயின்ட் அடிக்கிறாங்கக்கா. மூணு நாள் லீவு."

"போ. போய்க் கேளு. எவ வூட்லயாவது நான் அரைச்ச மாவு மறுநாளே புளிச்சிதுன்னு காட்டட்டும். பாய் என்னை அனுப்ப வேணாம், நானே சாவிய வெச்சிட்டுப் போய்ட்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு இனியாவின் கன்னத்தைக் கிள்ளினார். அந்தக் கன்னத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எட்டு ஐம்பது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சேலையூர் வழியாகக் கிழக்குத் தாம்பரம் நான்கு கிலோமீட்டர்தான். கேம்ப் ரோடு சிக்னலில் மட்டும் பத்து நிமிடம் போனது. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் அதற்குக் காசில்லை. தாம்பரத்தில் மறைமலை நகருக்குப் போகவும் வரவும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன், பத்து ரூபாய். இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு இவ்வளவு மலிவாக வேறு எதில் போக முடியும் என்று தெரியவில்லை.

செங்கல்பட்டு வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. பெருங்களத்தூர் தாண்டியதும் வண்டலூர். "புலி எங்கம்மா?" என்றாள் இனியா. ரயிலிலிருந்து புலி தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரைக்கும் கண்ணாடிப் பக்கம் மூக்கை வைத்துத் தேடிக்கொண்டே வந்தாள். வெயிலில் அழைத்து வந்திருக்க வேண்டாமோ, மாமியாரைத் தாம்பரத்துக்கு வரச் சொல்லியிருக்கலாமோ என்று மூன்று முறை யோசித்தேன். அதைவிட மோசமாக இன்னொன்றும் தோன்றியது. குழந்தையோடு போனால் கதவைத் திறப்பார்கள் என்று நினைத்துத்தான் அழைத்து வந்தேனோ?

எங்கள் பெட்டியில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். எதிரில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மச்சான், ப்ளேஸ்மென்ட்டுக்குக் கம்பெனிங்க வந்துச்சா?"

"வந்துச்சே. கேன்டீன்ல டீ நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போச்சு."

பொத்தேரியில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். பெட்டி சட்டென்று காலியானது. காட்டாங்குளத்தூருக்கு அடுத்து மறைமலை நகர்.

ஒன்பது முப்பத்தைந்து. ஸ்டேஷனுக்கு வெளியே ஏறுகிறவர்களைவிட ஆட்டோக்கள் அதிகம். ஒரு ஓட்டுநர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டைக்குள் நீல நிறக் கம்பெனி பனியன் தெரிந்தது.

"இன்னா மேடம், மூட்ட முடிச்சோட? ஊர்லேர்ந்து கோச்சிகினு வந்துட்டீங்களா?"

வேலை விஷயம் என்றேன். மாவு என்றதும் சிரித்தார். "மாவா? நல்ல நேரம் பாத்தீங்க. போன வருசம் வரிக்கும் நானு கம்பெனி கேட்டுக்குள்ள போற ஆளு. இப்ப கேட்டாண்ட எறக்கி வுட்ற ஆளு. உள்ள போறவனும் கொறஞ்சிட்டான், எறக்கி வுட்றவன் ஜாஸ்தி ஆய்ட்டான். ஒரே பேஜாரா கீது."

"எந்தக் கம்பெனிண்ணா?"

"எதுவா இருந்தா இன்னா மேடம்? மொதல்ல ஓவர்டைம் கட் பண்ணான், அப்பால நைட் ஷிப்ட். அப்பால ஆள." ஒரு நபருக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, குடியிருப்பின் முனையில் இறக்கிவிட்டார்.

அகலமான தெருக்கள், வரிசையாக வேப்பமரங்கள், இரண்டு மாடி வீடுகள். எங்கள் பக்கத்தைவிட அமைதியாக, ஒழுங்காக இருக்கிற ஊர். வார நாளில் காலை பத்து மணிக்கு இத்தனை ஆண்கள் வாசலில் நிற்பதை மட்டும் ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒருவர் கழுவி முடித்த பைக்கை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

முதல் வீடு முதல் மாடியில். உமா என்று பட்டியலில் இருந்தது. கணவர் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். உமா கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"அதான் போன்லயே சொன்னேனே மேடம். புளிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு அசிடிட்டி வேற, ஒத்துக்கல."

"இது புதுசு மேடம், நேத்து அரைச்சது. சும்மா வெச்சிப் பாருங்க" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினேன்.

"இல்ல, வேணாம்." இனியாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காலி பண்ணிட்டு விழுப்புரம் போயிட்டாங்கம்மா" என்றார். அந்த வீட்டுக்காரர்களும் என் படிவத்தில் 'புளிப்பு' என்ற கட்டத்தில்தான் இருந்தார்கள்.

பத்து ஐம்பது. மூன்றாவது வீடு ஷகிலாவுடையது. என் வயதுதான் இருக்கும். இனியாவுக்குத் தாகம் என்றதும் உள்ளே வரச் சொன்னார். பாட்டில் தண்ணீர் இருந்தும் நான் அதைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் சங்கடமாக இருக்கிறது.

அவர் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தார். பின்னாலேயே போன இனியா கத்தினாள். "அம்மா, நம்ம மாவு!"

கதவின் கீழ்த்தட்டில் எங்கள் பாக்கெட். வாயைத் துணிமாட்டும் கிளிப்பால் கவ்வி வைத்திருந்தது. அடியில் இரண்டு கரண்டி மாவு இருக்கும். மேலே அச்சடித்த தேதி நன்றாகத் தெரிந்தது. போன ஞாயிறு இல்லை, அதற்கும் முந்தைய ஞாயிறு. அன்றைக்குச் செவ்வாய். ஒன்பது நாள் மாவு. 'மூன்று நாட்களுக்குள் பயன்படுத்தவும்' என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. எழுதியவள் நான்தான்.

ஷகிலா கதவை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பத் திறந்து பாக்கெட்டை எடுத்து மேடை மேல் வைத்தார்.

"பாத்துட்டீங்க. மறைச்சு என்ன ஆகப் போகுது? நீங்கதானே ஞாயித்துக்கெழம ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு போட்டீங்க?"

ஆமாம். நான்தான் போட்டேன். மக்கள் கையில் காசு குறைந்திருக்கும் காலத்தில் இலவசம் கொடுத்தால் திரும்பி வருவார்கள் என்று சாரிடம் வாதாடி வாங்கிய சலுகை அது.

"தெனம் வாங்கறத நிறுத்திட்டோம். ஞாயித்துக்கெழம மட்டும் அந்த ரெண்டு. மொத மூணு நாள் இட்லி. அப்புறம் தோச. அதுக்கப்புறம் வெங்காயம் பச்சமொளகா போட்டு ஊத்தப்பம். கடசில ரவையக் கலந்து எப்படியாவது ஓட்டிடுவோம். இந்த ஞாயிறு அதுவும் வாங்கல. போன தடவ வாங்குனது இன்னும் இருக்கேன்னு."

"அப்ப புளிக்குதுன்னு..."

"புளிச்சுதுதானே! நான் பொய் சொல்லல மேடம். மாவு எப்டி இருக்குன்னு கேட்டீங்க, புளிக்குதுன்னேன். எத்தனாவது நாள்னு நீங்க கேக்கல."

என் படிவத்தில் ஆறு கேள்விகள் இருந்தன. அது இல்லை.

"விலைன்னு சொல்லியிருக்கலாமே ஷகிலா. அதுவும் கேட்டேனே."

"எப்டி சொல்றது? எங்க வீட்ல அவருக்கு வேல போய் ரெண்டு மாசம் ஆகுது. கீழ் வீட்டுக்கே இன்னும் தெரியாது. மாவு வாங்கக் காசில்லன்னு முன்னப்பின்னத் தெரியாத உங்ககிட்ட போன்ல சொல்லச் சொல்றீங்களா? புளிக்குதுன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

நான் கொண்டுபோன பாக்கெட் ஒன்றைக் கொடுத்தேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னவர், இனியா தோசை கேட்டதும் வாங்கிக் கல்லை அடுப்பில் வைத்தார். ஊற்றும் முன் ஒரு துளி மாவை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது எப்ப அரைச்சது?"

"நேத்து."

"சக்கரை மாரி இருக்கு." அடுத்த தோசையைத் தன் மகளுக்கென்று எடுத்து மூடி வைத்தார். "யார் அரைக்கிறாங்க?"

கோமதி அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் வேலை போகப்போவதையும் சொல்லிவிட்டேன்; சொல்லாமல் இருந்திருக்கலாம். ஷகிலாவின் கை தோசைத் திருப்பியோடு நின்றுவிட்டது.

"நான் சொன்னதாலயா?"

"இல்லங்க. நான் கேட்டதால."

"அல்லாவே" என்றார். பிறகு, "எழுதுங்க மேடம், அந்தம்மா மேல தப்பில்லன்னு எழுதுங்க. எங்க பேரு மட்டும் வேணாம்" என்றார்.

பன்னிரண்டு மணி. திரும்ப உமா வீட்டுக்கு மாடி ஏறினேன். இனியா தோளில் தூங்கிவிட்டிருந்தாள். இந்த முறையும் கம்பிக் கதவு திறக்கவில்லை. கம்பிக்கு இப்பால் நின்றே கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். புளிச்சது எத்தனாவது நாள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தூங்கும் குழந்தையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆறு. சில வாரம் ஏழு."

"உங்க வீட்டுக்காரருக்கு அசிடிட்டின்னு சொன்னீங்களே?"

"நல்லா இருக்கற வரைக்கும் பசங்களுக்கு. கடைசி ரெண்டு நாள் மாவு அவருக்கு. வேணாம்னா கேக்க மாட்டேங்கறார். தூக்கிப் போடக் கூடாதாம்." குரல் இறங்கியது. "இத எழுதிக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

மீதமிருந்த பாக்கெட்டுகளை மறுபடி நீட்டினேன். "வேணாம்மா. இத வாங்கினா பசங்க நாளைக்கும் கேப்பாங்க" என்றார். மேடம் என்பது அம்மாவாகியிருந்தது. அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டு ஐம்பது வண்டி. ஒரு மணி நேரம் முன்பு நான் பாவம் செய்தவள் போல இருந்தேன். இப்போது ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோமதி அக்கா மேல் தவறில்லை. அதை நிரூபிக்க முடியும். கூடுவாஞ்சேரிக்குள் புதுத் திட்டமும் தயாராகிவிட்டது: இலவசப் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, ஒரு வேளைக்குப் போதுமான சின்னப் பாக்கெட். தேவையான அன்றைக்கு மட்டும் வாங்கலாம், யாரும் எதையும் நாட்கணக்கில் ஓட்ட வேண்டாம். கல்லூரியில் வாடிக்கையாளரின் கவலையைப் புரிந்துகொள்வது என்று ஒரு பாடம் உண்டு. அன்றுதான் அது புரிந்தது என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குச் சாரின் அறையில் இருந்தேன். வீட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"கோமதி மேல தப்பில்லன்னு கேக்க நிம்மதியா இருக்கும்மா. ஆறு வருசம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா நீ சொல்றது அதவிட மோசம். மாவுல தப்புன்னா ஆள மாத்தலாம். ஊர்லயே வேல இல்லன்னா நான் யார மாத்தறது?"

சின்னப் பாக்கெட் என்றேன்.

"பாக்கெட் சின்னதாகும், வண்டி சின்னதாகுமா? அதே தூரம், அதே டீசல். நாலு மாசம் முன்னாடி, ஃப்ரீ போடறதுக்குப் பதிலா இதச் சொல்லியிருந்தேன்னா முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப தாங்காதும்மா." அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தெற்கு லைன இந்த வாரத்தோட நிறுத்திடலாம்."

தெற்கு லைன் இல்லையென்றால் கோமதி அக்காவுக்கு அரைக்க எதுவும் இல்லை. உள்ளூர் லைனை அரைப்பவர் வேறு. இது புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. மாவு புளிக்கிறது என்ற பொய்யே நின்றிருந்தால் லைனாவது மிஞ்சியிருக்கும். வேறு யாராவது அரைத்திருப்பார்கள். நான் கொண்டுவந்த உண்மை அதையும் மூடிவிட்டது.

"நீயே சொல்லிடு" என்றார் சார். "எனக்கு வாய் வராது."

கோமதி அக்கா பின்கட்டில் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"புளிச்சிதா?"

"இல்லக்கா. ஒரு வாரம் வெச்சி சாப்பிட்டிருக்காங்க. ஒரு வீட்ல ஒன்பது நாள்."

"ஒம்போது நாளா! கல்லு வெச்சாக்கூடப் புளிக்கும்டி." பக்கத்தில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பினார். "கேட்டியா? நான் சொல்லல?"

அந்தச் சிரிப்பு முடியும் வரை காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னேன். அவர் கடைசி அண்டாவையும் கவிழ்த்தார். ஈரக் கையை முந்தானையில் நிதானமாகத் துடைத்தார்.

"அவங்களுக்கும் புள்ளைங்க கீதா?"

"இருக்குக்கா."

"அப்ப இன்னா பண்ணுவாங்க, பாவம்." பிறகு, "சேலையூர்ல ஒரு ஓட்டல்ல மாவுக்கு ஆள் கேக்கறாங்க. ஆனா புளிக்குதுன்னு என்னை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு அதுக்குள்ள அங்க போய்டுச்சி. புளிக்கலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. பாய் சீல் போடட்டும்" என்றார்.

என் மேசையில் உட்கார்ந்தேன். இனியா தரையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ரயிலில் அரை மணி நேரம்தான் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் குறைந்தால் இங்கே ஒரு கிரைண்டர் நின்றுபோகிறது. இடையில் ஆறு ஸ்டேஷன்கள். அங்கே உள்ளவர்களைப் பார்த்து வருந்திவிட்டு வீடு திரும்புகிற மாதிரி இந்தப் பயணம் அமையவில்லை. என் கணவரின் அலுவலகத்திலும் போன மாதம் எதையோ குறைத்தார்கள். என்ன என்று நான் இன்னும் கேட்கவில்லை.

விளம்பர வரிகள் எனக்கு வேகமாக வரும். இது வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டபின் எழுதி முடித்து, அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"திருமதி கோமதி எங்கள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் மாவு அரைத்தார். அவர் அரைத்த மாவு புளிக்கவில்லை. எத்தனாவது நாள் என்று கேட்காமல் நான் தயாரித்த தவறான அறிக்கையால் அவர் மேல் பழி வந்தது."

"கடசி வரி இன்னாத்துக்கு?"

"உண்மைதானேக்கா."

"யாரு இல்லன்னா? ஓட்டல்காரன் இதப் படிப்பான், பாய் படிப்பாரு, நாளிக்கு ஆளக் கொறைக்கணும்னா மொதல்ல இதத்தான் எடுத்துப் பாப்பாரு. உனக்கும் புள்ள கீது. எடுத்துடு."

"அக்கா..."

"எடும்மா. எனக்கு மொத ரெண்டு வரி போதும்."

நான் இன்னும் ஒரு முறை மறுத்திருக்க வேண்டும். புதுத் தாள் எடுத்து, முதல் இரண்டு வரிகளை மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வாங்கக் கொண்டுபோனேன்.